டிடியே டெஷாம்ப்: ஆட்டக்காரராகச் செய்த வேலையும் பயிற்சியாளராகச் செய்த வேலையும்

நீங்கள் எழுதியிருப்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கால்பந்து ஆட்டக்காரராக இருந்த காலத்தில், பிரான்ஸின் பெரும் ஆட்டக்காரர்களான ஜிடேன் அளவுக்கோ பிளாட்டினி அளவுக்கோ திறமை இல்லாத டிடியே டெஷாம்ப், பயிற்சியாளராகி பிரான்ஸுக்கு 2018 உலகக் கோப்பையை எப்படி வாங்கிக் கொடுத்தார் என்பது முதலாவது. எம்பாப்பே, கிரீஸ்மன், காண்டே போன்ற நட்சத்திர வீரர்கள் ஒரே தலைமுறையில் கிடைத்துவிட்ட பிறகு யார் பயிற்சியாளராக இருந்தாலும் வென்றிருப்பார்கள் அல்லவா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குச் சில சான்றுகளை எடுத்து வைக்கலாம், தீர்ப்பு சொல்ல இயலாது. பள்ளி, கல்லூரி அணிகளுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். தேசிய அணியின் உடைமாற்றும் அறைக்குள் நடப்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் யாரை எங்கே நிறுத்துகிறார், யாரை வெளியே எடுக்கிறார் என்பது மைதானத்தில் எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

‘திறமை இல்லாத ஆட்டக்காரர்’ என்ற தொடக்கமே சரியில்லை. 1968 அக்டோபரில் பயோன் நகரில் பிறந்தவர் அவர். அது ரக்பிக்குப் பெயர்போன பகுதி. 14 வயதில் நான்ட் கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 16 வயதிலேயே அதன் முதல் அணிக்காக ஆடத் தொடங்கினார். 1993 மே மாதம் மியூனிக்கில் ஏசி மிலானை 1–0 என்று வென்ற மார்செய் அணிக்கு அவர்தான் கேப்டன். ஐரோப்பாவின் மிகப் பெரிய கழகக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கைத் தூக்கியபோது அவருக்கு 24 வயது. பின்னர் யுவென்டஸில் ஐந்து பருவங்கள் இருந்து, மூன்று முறை இத்தாலிய லீக் பட்டத்தையும் 1996இல் மீண்டும் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றார். செல்சீயில் ஒரு பருவம், வலென்சியாவில் ஒரு பருவம், 2001இல் ஓய்வு. பிரான்ஸுக்காக 103 ஆட்டங்கள் ஆடினார், 1998 உலகக் கோப்பையிலும் ஐரோப்பிய நாடுகளுக்கான 2000 யூரோ கோப்பையிலும் கேப்டனாக இருந்தார். அந்த 103 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 4 மட்டுமே. ‘சாதாரணமானவர்’ என்ற எண்ணம் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். மற்றொரு பிரெஞ்சு ஆட்டக்காரரான எரிக் கன்டோனா 1996இல் அவரை ‘தண்ணீர் சுமப்பவர்’, அதாவது பிறருக்காக எடுபிடி வேலை செய்பவர், என்று ஏளனம் செய்தது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அப்படிச் சொல்லப்பட்டபோது ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை கையில் ஏந்தியிருந்தவர் டெஷாம்ப்தான், கன்டோனா அல்லர் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

அவர் ஆடிய இடம் தற்காப்பு நடுக்களம். அந்த இடத்தில் ஆடுபவரின் வேலையைத் தொலைக்காட்சியில் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம், ஏனென்றால் கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. அவரோ பந்து அடுத்து எங்கே போகும் என்று பார்த்து, இடது பக்கத் தற்காப்பாளர் முன்னேறிப் போய்விட்டால் அந்த இடைவெளியில் போய் நிற்பார். முன்கள வீரர் பந்தை இழந்து திரும்பி ஓடாமல் நின்றால் அவருக்குப் பதிலாக ஓடுவார். பந்து கிடைத்தால் பத்து மீட்டர் தள்ளி இருப்பவரிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் நிற்க வேண்டிய இடத்துக்குத் திரும்பிவிடுவார். நான் பயிற்சி கொடுக்கும் பையன்களில் யாரும் இந்த இடத்தைக் கேட்டு வாங்குவதில்லை. வேறு இடம் கிடைக்காதவர்கள்தான் வந்து சேர்கிறார்கள். ஆனால் அணியில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள், ஒருவர் செய்யத் தவறியதை யார் ஈடுகட்டுகிறார்கள் என்பதை முதலில் படித்துக்கொள்பவர்களும் அவர்களே. ஜிடேனைத் திரும்பி ஓடி வரச் சொன்னால் அவருடைய ஆட்டம் பாதியாகிவிடும். ஓட வேண்டாம் என்று விட்டால் அந்த ஓட்டத்தை வேறொருவர் ஓடியாக வேண்டும். யுவென்டஸிலும் பிரான்ஸிலும் அந்த வேறொருவர் பெரும்பாலும் டெஷாம்ப்தான். ஒரு வீரருக்குக் கொடுக்கும் சுதந்திரத்துக்கு இன்னொரு வீரர் விலை கொடுக்கிறார் என்ற கணக்கைப் பதினாறு ஆண்டுகள் தன் கால்களால் கட்டிப் பழகியவர் அவர். பயிற்சியாளராக அவர் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவற்றை இந்தக் கணக்கைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது என் கருத்து.

அதற்கு முன் இன்னொரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். டெஷாம்ப் இயல்பிலேயே தற்காப்பு மனம் கொண்டவர், தாக்கி ஆடத் தெரியாதவர் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அவர் முதலில் பயிற்சி கொடுத்த அணி மொனாக்கோ. 2001இல் பொறுப்பேற்றார். 2003இல் கடன் நெருக்கடி காரணமாக அந்தக் கழகத்தை இரண்டாம் நிலை லீக்குக்குத் தள்ளலாம் என்ற உத்தரவே வந்து, மேல்முறையீட்டில்தான் அது நீங்கியது. அந்த நிலையில் இருந்த அணியை வைத்துக்கொண்டு, அதே ஆண்டு நவம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் டெபோர்ட்டிவோ லா கொருனாவை 8–3 என்று தோற்கடித்தார். டாடோ பிர்சோ மட்டும் நான்கு கோல் அடித்தார். காலிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் அவர்கள் ஊரில் 4–2 என்று தோற்ற பின், சொந்த மைதானத்தில் 3–1 என்று வென்று, மொத்தக் கோல்கள் சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணியே முன்னேறும் என்ற அன்றைய விதிப்படி முன்னேறினார்கள். மாட்ரிட் இரவலாக அனுப்பியிருந்த அதன் முன்கள வீரர் மொரியன்டஸ் இரு ஆட்டங்களிலும் மாட்ரிட்டுக்கு எதிராகக் கோல் போட்டது அந்தக் கதையின் சுவையான பகுதி. அரையிறுதியில் செல்சீயை வென்று, இறுதியில் மொரின்யோ பயிற்சி கொடுத்த போர்ட்டோவிடம் 3–0 என்று தோற்றார்கள். அந்த மொனாக்கோ அணி இரு பக்கவாட்டிலும் வேகமாகப் பாய்ந்து ஆடிய அணி. அப்படி ஆடவைக்கத் தெரிந்தவர் பின்னாளில் வேறுவிதமாக ஆடவைத்தார் என்றால் அதைத் தெரிவு என்றுதான் கொள்ள வேண்டும், இயலாமை என்று கொள்வதற்கில்லை.

இடைப்பட்ட இரண்டு பணிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நடுவர் நியமனங்களில் தலையிட்ட முறைகேடு காரணமாக இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டு, புள்ளிகளும் பறிக்கப்பட்ட யுவென்டஸை 2006இல் ஏற்று, அந்தப் பருவத்திலேயே மேலே கொண்டுவந்தார்; நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் 2007 மே மாதம் விலகினார். 2009 முதல் 2012 வரை மார்செயில் இருந்து, 2010இல் அந்தக் கழகத்துக்கு 18 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். அங்கே அவருக்குத் துணையாக வந்த கீ ஸ்டெஃபான்தான் பின்னர் தேசிய அணியிலும் துணைப் பயிற்சியாளராகத் தொடர்ந்தார்.

2012 ஜூலையில் லோரான் பிளாங்குக்குப் பிறகு தேசிய அணியை ஏற்றபோது அவர் முன் இருந்த முதல் சிக்கல் ஆட்ட உத்தி சார்ந்தது அன்று. 2010 உலகக் கோப்பையின்போது தென்னாப்பிரிக்காவின் நைஸ்னாவில் பிரெஞ்சு வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்துப் பேருந்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த காட்சியை அந்த நாடு மறக்கவில்லை. 2012 யூரோவிலும் ஒழுங்குப் பிரச்சினைகள் எழுந்தன. கழகப் பயிற்சியாளருக்கு ஆண்டு முழுவதும் வீரர்கள் கையில் இருப்பார்கள்; தேசியப் பயிற்சியாளருக்கோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சில நாட்கள் கிடைக்கும், அதிலும் பாதி நாட்கள் களைப்பு நீங்குவதற்கும் பயணத்துக்கும் போய்விடும். அந்த நேரத்தில் சிக்கலான ஆட்டமுறையைக் கற்றுக்கொடுக்க முடியாது. யாரை அழைப்பது, யாரை அழைக்காமல் விடுவது என்பதுதான் அவர் கையில் உள்ள முதன்மையான கருவி. 2013 நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிக்கான ஆட்டத்தில் கீவ் நகரில் உக்ரைனிடம் 2–0 என்று தோற்ற பிறகு, நான்கு நாள் கழித்துப் பாரிசில் நடந்த மறு ஆட்டத்துக்கு ஐந்து பேரை மாற்றினார். நஸ்ரி, ஜிரூ, ரெமி ஆகியோர் போய், கபாய், பென்ஸிமா, வல்புவேனா வந்தார்கள். தற்காப்பின் நடுவில் சாக்கோவும் வரானும் நின்றார்கள். 3–0 என்று பிரான்ஸ் வென்றது. அன்று தோற்றிருந்தால் அவருடைய தேசியப் பணி பெரும்பாலும் அங்கேயே முடிந்திருக்கும். நஸ்ரி 2014 உலகக் கோப்பைக்கு அழைக்கப்படவே இல்லை. நஸ்ரியின் காலில் இருந்த திறமையை யாரும் மறுக்கவில்லை. மாற்று ஆட்டக்காரராக உட்கார வைத்தால் அவர் முகம் சுளிப்பார், அது மற்றவர்களிடமும் பரவும் என்பதே டெஷாம்ப் சொன்ன காரணத்தின் சாரம்.

பென்ஸிமா விவகாரத்தை இதோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது. சக வீரர் வல்புவேனாவை மிரட்டிய வழக்கில் பெயர் அடிபட்டதால் 2015 இறுதியிலிருந்து 2021 வரை அவர் அணிக்கு வெளியே இருந்தார். 2016 யூரோவுக்கு முன் இது இனப் பாகுபாடு என்று கன்டோனா குற்றம் சாட்டினார். டெஷாம்ப் இனவெறிக் கருத்துள்ள ஒரு பகுதியினரின் அழுத்தத்துக்குப் பணிந்துவிட்டார் என்று பென்ஸிமாவும் ஒரு ஸ்பானியச் செய்தித்தாளிடம் சொன்னார். பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் இருந்த டெஷாம்பின் வீட்டுச் சுவரில் ‘இனவெறியர்’ என்று யாரோ எழுதிவிட்டுப் போனார்கள். இந்தக் குற்றச்சாட்டுக்கு எந்தச் சான்றும் முன்வைக்கப்படவில்லை என்பதும், அவர் தேர்ந்தெடுத்த அணிகளின் அமைப்பு அதற்கு எதிராகவே பேசுகிறது என்பதும் என் கருத்து. ஆனால் வழக்கு காரணமாக ஒதுக்கியது எவ்வளவு, பென்ஸிமா இல்லாமலேயே அணி நன்றாக ஓடுகிறது என்பதால் திரும்ப அழைக்காமல் இருந்தது எவ்வளவு என்பதை வெளியில் இருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

இனி 2018. முன்பு சொன்ன கணக்கு மிகத் தெளிவாகத் தெரிவது இந்தத் தொடரில்தான். ரஷ்யாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் எம்பாப்பே, கிரீஸ்மன், டெம்பலே மூவரையும் முன்னால் நிறுத்தினார். எல்லோரும் விரும்பிய அணி அதுதான். 2–1 என்று வென்றாலும் ஆட்டம் ஒட்டவில்லை: மூவரும் பந்தைக் காலில் கேட்டார்கள், இழந்த பிறகு திரும்பி ஓட யாரும் இல்லை. அடுத்து பெருவுக்கு எதிராக டெம்பலேயை எடுத்துவிட்டு ஜிரூவைக் கொண்டுவந்தார். டொலிசோவுக்குப் பதில் மத்துய்தியை, நடுக்கள வீரரான அவரை, இடது பக்க முன்களத்தில் நிறுத்தினார். தாளில் பார்த்தால் அணி பலவீனமடைந்தது போல இருக்கும். மத்துய்திக்குப் பக்கவாட்டில் வளைந்து போய் எதிராளியை ஏமாற்றத் தெரியாது, ஜிரூ அந்தத் தொடர் முழுவதிலும் இலக்கை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. ஆனால் ஜிரூ எதிரணியின் நடுத் தற்காப்பாளர்கள் இருவரையும் தன்னோடு பிணைத்து வைத்துக்கொண்டார், அதனால் கிரீஸ்மனுக்கு அவர்களுக்கு முன்னால் இடம் கிடைத்தது. மத்துய்தி இடது பக்கம் முழுவதையும் ஓடி அடைத்தார், அதனால் வலது பக்கத்தில் இருந்த 19 வயது எம்பாப்பே திரும்பி ஓட வேண்டியதில்லாமல் போனது. பக்கத் தற்காப்பாளர்களாக நின்ற பவார், லூக்கா எர்னாண்டஸ் இருவருமே தங்கள் கழகங்களில் நடுவிலும் நின்று பழகியவர்கள். அடிக்கடி முன்னேறிப் போய் இடத்தைத் திறந்துவிடும் வகையினர் அல்லர். இவ்வளவு பேரும் விலை கொடுத்ததால்தான் அர்ஜென்டினாவுக்கு எதிராக எம்பாப்பே அவ்வளவு சுதந்திரமாக முன்னோக்கி ஓட முடிந்தது.

அரையிறுதியில் பெல்ஜியத்தை ஒரு கார்னரில் இருந்து உம்டிட்டி தலையால் முட்டிய கோலில் 1–0 என்று வென்றார்கள். எதிரணிக் கோல்கீப்பர் கோர்ட்வா பிரான்ஸ் ஆடிய விதத்தை வெளிப்படையாகவே குறைகூறினார். இறுதியில் குரோவேஷியாவிடம்தான் பந்து அதிக நேரம் இருந்தது, 4–2 என்று வென்றது பிரான்ஸ். அந்த ஆட்டத்தில் நான் மாணவர்களுக்குக் காட்டுவது கோல்களை அன்று, 55ஆம் நிமிடத்தை. உலகின் சிறந்த தற்காப்பு நடுக்கள வீரர் என்று கொண்டாடப்பட்ட காண்டே அன்று சரியாக ஆடவில்லை, மஞ்சள் அட்டையும் வாங்கியிருந்தார். உலகக் கோப்பை இறுதியில் 2–1 என்று முன்னிலையில் இருக்கும்போது அவரை வெளியே எடுத்து என்சோன்சியை அனுப்பினார் டெஷாம்ப். அடுத்த பத்து நிமிடத்துக்குள் போக்பாவும் எம்பாப்பேயும் கோல் அடித்தார்கள். அந்த மாற்றத்தால்தான் கோல்கள் வந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் ஆடிப் பழகியவருக்குத்தான் அந்த இடத்தில் நிற்பவர் தடுமாறுவது அவ்வளவு சீக்கிரம் தெரியும், பெயரைப் பார்த்துத் தயங்காமலும் இருக்க முடியும். அதிர்ஷ்டமும் அன்று இருந்தது: முதல் கோலுக்குக் காரணமான ஃப்ரீ கிக் கொடுக்கத்தக்கதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது, வீடியோ நடுவரின் தலையீட்டால் கிடைத்த பெனால்டியும் அப்படியே.

இந்த வெற்றியால் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்ற மூன்றாவது மனிதரானார். முன்னவர்கள் இருவர்: பிரேசிலின் மரியோ சகாலோ, ஜெர்மனியின் ஃபிரான்ஸ் பெக்கன்பவர். இருவரும் 2024 ஜனவரியில் இரண்டு நாள் இடைவெளியில் காலமானார்கள். இவர்களில் கேப்டனாகவும் பயிற்சியாளராகவும் வென்றவர்கள் பெக்கன்பவரும் டெஷாம்பும் மட்டுமே. அதே வேளையில், பெரிய ஆட்டக்காரராக இருப்பது தேசியப் பயிற்சியாளர் பணிக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்குப் பிரான்ஸிலேயே சான்று உண்டு. 1989இல் டெஷாம்புக்குத் தேசிய அணியில் முதல் வாய்ப்பைத் தந்த பயிற்சியாளர் பிளாட்டினி. தகுதிச் சுற்று ஆட்டங்கள் அத்தனையையும் வென்று 1992 யூரோவுக்குப் போன அவருடைய அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. மாறாக, 1998இல் பயிற்சியாளராக வென்ற எமே ஜாக்கே, பிரான்ஸுக்காக இரண்டே ஆட்டங்கள் ஆடியவர். டெஷாம்ப் ஜாக்கேயிடமும் யுவென்டஸில் மார்செல்லோ லிப்பியிடமும் கேப்டனாகவும் நடுக்களத் தூணாகவும் இருந்து பார்த்தவர். பத்திரிகைகள் ஜாக்கேயைக் கிழித்துக்கொண்டிருந்த மாதங்களில் அணியை அவர் எப்படி மூடிய கதவுக்குள் காத்தார் என்பதை அருகில் இருந்து கண்டவர். செய்தியாளர் கூட்டங்களில் நிறையப் பேசி எதையும் சொல்லாமல் எழுந்துபோகும் கலை அங்கிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கணக்கு பிழைத்த இடங்களும் உண்டு, அவற்றை மறைத்தால் இந்த விளக்கத்துக்கு மதிப்பில்லை. 2021 ஜூனில் புகாரெஸ்டில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிரான யூரோ ஆட்டத்தில், திரும்பி வந்த பென்ஸிமாவோடு எம்பாப்பே, கிரீஸ்மன் மூவரும் ஒன்றாக முன்னால் நின்றார்கள். அவர்களுக்காக விலை கொடுக்க வேண்டியவர்கள் யார் என்பது தெளிவாக இல்லை. இடது பக்கத் தற்காப்பாளர்கள் காயத்தில் இருந்ததால் மூன்று நடுத் தற்காப்பாளர்களை நிறுத்தி, நடுக்கள வீரரான ரபியோவை இடது ஓரத்துக்கு அனுப்பினார். இடைவேளையிலேயே அந்த அமைப்பைக் கைவிட வேண்டியிருந்தது. 3–1 என்று முன்னேறிய பிறகும் கடைசிப் பத்து நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி, பெனால்டியில் வெளியேறினார்கள். அவருடைய தேசியப் பணியில் உத்தி அளவில் நடந்த மிகப் பெரிய தவறு இதுவே என்று கருதுகிறேன். அடுத்த ஆண்டு கத்தாரில் போக்பா, காண்டே, பென்ஸிமா மூவருமே காயத்தால் இல்லை. அப்போது கிரீஸ்மனைக் கீழே இறக்கி நடுக்களத்தில் ஆடவைத்தார். 2018இல் பிறர் ஓட்டத்தின் பயனைப் பெற்றவர், 2022இல் பிறருக்காக ஓடினார். அந்தத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக அவரைப் பலரும் மதிப்பிட்டார்கள். அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதியில் 2–0 என்று பின்தங்கியிருந்தபோது, இடைவேளைக்குக்கூடக் காத்திருக்காமல் 41ஆம் நிமிடத்தில் ஜிரூவையும் டெம்பலேயையும் எடுத்துவிட்டு மார்க்கஸ் துராமையும் கோலோ முவானியையும் அனுப்பினார். 3–3 வரை வந்து பெனால்டியில் தோற்றது பிரான்ஸ். 2024 யூரோவில் நிலைமை வேறு: அரையிறுதிக்கு வரும்வரை எதிரணியினர் தங்கள் வலைக்குள் அடித்துக்கொண்ட இரண்டு கோல்களும் ஒரு பெனால்டியும் தவிர பிரான்ஸ் கணக்கில் எதுவும் இல்லை. எம்பாப்பே மூக்கு உடைந்து முகமூடியோடு ஆடினார் என்பது உண்மை. ஆனாலும் அந்த அணியில் எல்லோரும் விலை கொடுத்தார்கள், அதைக் கொண்டு எதையும் வாங்கத்தான் ஆளில்லை. ஸ்பெயின் 2–1 என்று வென்றது சரியான முடிவு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வேறொருவர் இதே வீரர்களை வைத்து வென்றிருப்பாரா? நடக்காத ஒன்றை நிரூபிக்க வழியில்லை. ஆனால் ஒரு சான்றைப் பாருங்கள். 2002 உலகக் கோப்பைக்குப் போன பிரான்ஸ் அணி நடப்பு உலக வெற்றியாளர், ஐரோப்பிய வெற்றியாளர். இங்கிலாந்து லீக்கின் அதிக கோல் அடித்தவர் ஹென்றி, இத்தாலியில் திரெசெகே, பிரான்ஸில் சிஸ்ஸே என்று மூவரும் அதில் இருந்தார்கள். செனகலிடம் தோற்று, உருகுவேயோடு சமன் செய்து, டென்மார்க்கிடம் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் ஊர் திரும்பினார்கள். ஜிடேனின் காயம் ஒரு முக்கியக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வீரர்களின் தரம் மட்டும் போதுமென்றால் அந்த அணி முதல் சுற்றைத் தாண்டாமல் இருந்திருக்க முடியாது. டெஷாம்பின் கீழ் பிரான்ஸ் ஆடிய 2014 முதல் 2024 வரையிலான ஆறு பெரிய தொடர்களில் நான்கில் அரையிறுதியை எட்டியது, மூன்றில் இறுதியை எட்டியது, ஒன்றை வென்றது. இன்னும் ஒன்று இரண்டு வென்றிருக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை; சொந்த மண்ணில் 2016 யூரோ இறுதியில் போர்ச்சுகலிடம் தோற்றது எனக்கும் புரியாத ஆட்டம். 2026 உலகக் கோப்பையோடு விலகுவதாக 2025 ஜனவரியில் அவரே அறிவித்தார்.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், 2003 நவம்பரின் மொனாக்கோ–டெபோர்ட்டிவோ ஆட்டத்தையும் 2018 ஜூலையின் பிரான்ஸ்–பெல்ஜியம் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டாவதைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு மத்துய்தியை மட்டும் இருபது நிமிடம் கவனியுங்கள். பெல்ஜியத்தின் வலது பக்கம் எப்போதெல்லாம் திறக்கப் பார்க்கிறது, அவர் எங்கிருந்து அங்கே வந்து சேர்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டெஷாம்ப் ஆட்டக்காரராக என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் அதிலேயே தெரியும்.